உறையக்காவின் நான்காவது விண்ணப்பம்

என் கடை வாசலில் ஒரு பலகை தொங்கும்: ‘வரிப் பதிவு மூன்றே நாளில்.’ உறையக்காவின் விண்ணப்பம் முப்பத்தேழாவது நாளைத் தொட்டபோது அதை நானே கழற்றி உள்ளே வைத்தேன். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவன், அடுத்த தெருவில் இருக்கிறவருக்கு ஒரு நம்பர் வாங்கித்தர முடியவில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா?

உறையக்கா என்பது தெரு வைத்த பெயர். மெத்தை, தலையணை, நாற்காலி, வாஷிங் மெஷின், எதைக் காட்டினாலும் அளவெடுத்து உறை தைத்துவிடுவார். வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை. ஒன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. வீட்டுக்காரர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். காலையில் எழுந்ததிலிருந்து வேலைக்குக் கிளம்பும்வரை, அக்கா தைக்கத் தைக்க எலாஸ்டிக்கின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் யாராவது கேட்டால் மட்டும், “வீட்ல சும்மாதான் இருக்கா” என்பார்.

பொய் சொல்லும் எண்ணமெல்லாம் மனுஷனுக்குக் கிடையாது. கடை என்றால் கடைத்தெருவில் இருக்க வேண்டும், வீடு என்றால் வீடு மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கொள்கை. அதனால் யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பத்தே நிமிஷத்தில் துணி மூட்டைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மெஷின்கள்மேல் அக்கா தைத்த பூப்போட்ட உறைகளை மாட்டி, அதன்மேல் ஆளுக்கொரு பூச்சாடியையும் வைத்துவிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நேரில் பார்க்க அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஒரு மருத்துவமனை நானூறு மெத்தை உறை கேட்டது. நன்றாக இருந்தால் வருஷா வருஷம் அக்காவிடமே வாங்குவார்களாம். ஆனால் வரிப் பதிவு எண் இல்லாதவரிடம் ஒரு தலையணை உறைகூட வாங்க மாட்டார்களாம்.

முதல் விண்ணப்பத்துக்கான விவரங்களை வீட்டுக்காரர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். ‘விண்ணப்பதாரரின் பணி’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றிருந்தது. நானும் புத்தி கெட்டுப்போய் அப்படியே தட்டச்சு செய்தேன். ‘விண்ணப்பதாரர் இல்லத்தரசி என்றால் தொழில் நடத்துபவர் யார்?’ என்று கேட்டு அதிகாரி நிராகரித்தார். அந்த அதிகாரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கம்ப்யூட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர். கேள்வி என்னவோ சரியான கேள்விதான்.

பணியை மாற்றி இரண்டாவது முறை அனுப்பினேன். இந்த முறை தொழிலிடத்தின் புகைப்படமும் வேண்டும். நாளைக்குப் படமெடுக்க வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லித் தொலைத்தேன். மறுநாள் போனால் தரை கண்ணாடியாக மின்னியது. துணியில்லை, நூலில்லை, ஒரு குண்டூசிகூடக் கண்ணில் படவில்லை. நானும் என்ன அழகான வீடு என்று மெச்சிக்கொண்டே படமெடுத்தேன். ‘இது வரவேற்பறை’ என்று பதில் வந்தது.

மூன்றாவது முறைக்கு வீட்டுக்காரர் ரோஷத்தோடு இறங்கினார். சுவருக்கு வெள்ளையடித்தார், திரைச்சீலையை இஸ்திரி போட்டார், நடுச்சுவரில் பெயர்ப் பலகையையும் மாட்டினார். அதிகாரியும் விடவில்லை. ‘பெயர்ப் பலகை மாட்டிய வரவேற்பறை’ என்று எழுதியிருந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எண் வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. வீட்டுக்காரர் சுருக்கமாக முடித்துவிட்டார்: “இது வீடுன்னு அவங்களே சொல்றாங்க. விட்டுடலாம்.”

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. “ஒன்பது வருஷமா உக்காந்து முதுகு தேஞ்சதுதான் மிச்சம். நான் செய்யறது வேலையே இல்லையா, தம்பி?”

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்காரர்மேல் பாதி, அந்தச் சுத்தமான அறையைப் பார்த்து மெச்சிய என்மேல் பாதி.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினேன். பால்காரர் என்று நினைத்துத் திறந்துவிட்டார்கள். இடுப்புயரத்துக்குத் துணிக் குவியல். அக்கா கழுத்தில் அளவு நாடா, வாயில் நாலு குண்டூசி. வெட்டுமேசையில் வெட்டிய துண்டுகளுக்கு நடுவே இரண்டு காபி தம்ளர். அக்காவின் மெஷினிலிருந்து நீண்ட எலாஸ்டிக்கின் மறுமுனையில், கிழிந்த பனியனோடு வீட்டுக்காரர். அவர் உறையைத் தேடி எழுவதற்குள் படத்தை எடுத்துவிட்டு, கேட்ட திட்டுக்கெல்லாம் தலையாட்டியபடி கடைக்கு ஓடிவந்து அனுப்பினேன்.

பதினொன்றரைக்குப் பதில் வந்துவிட்டது. ‘தொழில் நடப்பது தெரிகிறது. ஏற்கப்பட்டது.’ அந்த வீட்டில் ஒரு தொழில் நடக்கிறது என்று முதன்முதலில் ஒத்துக்கொண்டவர், அந்த வாசலையே மிதிக்காத ஒரு மனுஷன். மத்தியானத்துக்குள் எண் மருத்துவமனைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு மட்டும் தன் பனியன் அரசாங்கக் கோப்புக்குள் போய்விட்டதே என்ற கவலை இன்னும் தீரவில்லை. நான் பலகையை மறுபடி மாட்டி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘படமெடுக்கும் முன் வீட்டைப் பெருக்க வேண்டாம்.’

வந்துபோகிறவர்கள் கண்ணில் படும்படி சான்றிதழை மாட்ட வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை அதைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய் ஆணியடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் மேலாளர் ஏதோ கையெழுத்துக்காக வந்து நின்றார். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் பூப்போட்ட உறையை எடுத்துக்கொண்டு மெஷினருகே ஓடினார். அக்கா எழுந்திருக்கவில்லை. தையலையும் நிறுத்தவில்லை.

மேலாளர் சான்றிதழை நிதானமாகப் படித்துவிட்டு, இது யாருடைய தொழில் என்று கேட்டார்.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கையிலிருந்த உறையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

“இவளோடது சார்” என்றார். “நான் காலையில எலாஸ்டிக் பிடிப்பேன்.”

மெஷின் ஒரு நொடி நின்றது. அக்கா எலாஸ்டிக்கின் மறுமுனையை அவர் பக்கம் நீட்டிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.