கடலைப் பதியப் போன நாள்

பொத்தான் உடைந்த அந்த டேப் ரெக்கோடரை எறிய எனக்கு இன்னும் மனம் வரவில்லை. எண்பதுகளின் கடைசியில், அகதியாக வந்து லூயிஷாமில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், பக்கத்து அறை அக்கா விட்டுப்போனது. அக்கா மன்னார்க் கடற்கரைக்காரி. வள்ளம் ஓட்டிய அவளுடைய மனிசன் அகதியாகப் போய்ச் சேர்ந்தது சுவிஸில், நாலு பக்கமும் மலை மறிக்கிற ஒரு பள்ளத்தாக்கில். அங்கிருந்து வர அவருக்கு அனுமதியில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து அகதி மனுவுக்குப் பதில் வரும்வரை இவளும் போக முடியாது. இடையில் கசெட்டுகள்தான் போய்வந்தன.

அவர் பேச்சை அக்கா அறைக்கதவைத் திறந்துவைத்தே கேட்பாள். நானும் கேட்பேன், வெட்கமென்ன! "இஞ்சேரும், இது கடலே இல்லாத நாடு. கார்த்திகையிலை மலைக்குப் பின்னாலை போற வெயில் தை முடியத்தான் திரும்பி வருது. காத்துக்கும் ரெண்டே வழி. பகலிலை பள்ளத்திலையிருந்து மேலை ஏறும், பொழுதுபட்டா இறங்கும். சோளகக் காத்தும் இல்லை, வாடைக் காத்தும் இல்லை. எனக்கு மூச்சு முட்டுது. கடல் சத்தம் ஒண்டு பதிஞ்சு அனுப்பிவிடும்."

எங்கள் ஜன்னலுக்கு எதிரே செங்கல் சுவர். அதைப் பார்த்தபடி, "எனக்கும்தான் முட்டுது" என்று ரெக்கோடருக்கே பதில் சொன்னாள் அக்கா.

ஞாயிறு பூசை முடிய சவுத்எண்ட் கடற்கரைக்கு ரயில் ஏறினோம். நான் சுன்னாகத்துச் செம்மண்காரி, கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. எத்தனை மணிக்குப் போனால் நல்லது என்று யாரையாவது கேட்போமா என்றேன். "விசர்க்கதை கதையாதை. கடல் எங்கையடி போகப்போகுது?" என்றாள்.

போய்ப் பார்த்தால் கடல் போயிருந்தது. கண்ணுக்கெட்டியவரை சேறு, அதில் சரிந்து கிடந்த வள்ளங்கள். அவர்களுடைய ஊர்க் கடல் வற்றினாலும் கூப்பிடு தூரத்தில் நிற்குமாம். இப்படி ஒரேயடியாக எழும்பிப் போகிற கடலை அவள் கண்டதேயில்லை. ரெக்கோடரைப் போட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினாள். "கேட்டீரே? இஞ்சையும் கடல் இல்லை! உமக்கு நான் என்னத்தையப்பா அனுப்பிறது?" பிறகு அழுகை. எனக்கும் அழுகை வந்தது. கடல் திரும்பும்வரை நிற்க ஏலாது, இருவருக்கும் ஷிப்ட். பதிந்ததையே அனுப்பிவிட்டாள்.

பதில் வந்தது. "கடல் கேக்கேல்லை. நீர் பேசினது கேட்டுது. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கிறன்." அக்கா அன்று சாப்பிடவில்லை.

தொண்ணூறுகளில் ஒருவழியாக அவளுடைய பயணப் பத்திரம் வந்தது. "இனி எனக்கெதுக்கு இது" என்று ரெக்கோடரை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். என்னுடைய மனுவுக்குப் பதில் அப்போதும் வரவில்லை. சந்தோசப்பட்டேன், பொறாமையும் பட்டேன்.

போன கிழமை அக்கா போன் எடுத்தாள். "இவருக்கு மலை பழகிப்போச்சு, அசையிறாரில்லை. ஏலாத மனிசனை விட்டிட்டு நான் எங்கை வாறது? எனக்குத்தான் இப்ப மூச்சு முட்டுது. கடல் சத்தம் ஒண்டு பதிஞ்சு அனுப்பிவிடடி."

ரெக்கோடரைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன். உடைந்த பொத்தானை விரலால் அமுக்கிப் பிடித்தால் இன்னும் ஓடுகிறது. நாளை சவுத்எண்டுக்குப் போகிறேன். கடல் எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்று இம்முறை பார்த்துவைத்துவிட்டேன். அது வராவிட்டால் திட்டுவதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.