முன்னால் எலுமிச்சம்பழம், உள்ளே சி.டி.

எங்கள் காருக்கு இரண்டு திருஷ்டிப் பரிகாரங்கள் இருந்தன. முன் பம்பரில் ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் கயிற்றில் கோத்துத் தொங்கும். அது ஊர்க் கண்ணுக்கு. உள்ளே, பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியில், ஒரு சி.டி. தொங்கும். அது போலீஸ் கண்ணுக்கு. எலுமிச்சம்பழத்தை அமாவாசைக்கு அமாவாசை என் கணவர் மாற்றுவார். சி.டி.யை மாற்ற வேண்டியதில்லை. அது ஆயுள் சந்தா.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. டிராஃபிக் போலீஸ் கையில் வேகத்தைப் பிடிக்கிற மெஷின் வந்துவிட்டது என்று மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தி. நகர் பக்கம் காரில் போனால் பூசணிக்காய்த் தள்ளுவண்டி நம்மைத் தாண்டிப் போகும். இந்த ஊரில் வேகத்தைப் பிடிப்பது இருக்கட்டும், முதலில் வேகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அல்லவா மெஷின் வேண்டும்? என் கணவர் சிரிக்கவில்லை. வேக விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை கிடையாது.

அவர் வங்கி அதிகாரி. வங்கி, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நடந்துதான் போவார். நான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். பஸ்ஸில் போவேன். காலை நேரத்து அடையாறு பஸ்ஸில் ஏறினால், புடவை கசங்காமல் இறங்கிய பெண் இதுவரை பிறக்கவில்லை. எங்கள் வெள்ளைக் கார் அப்போது என்ன செய்யும் என்றால், வாசலில் உறை போட்டுக்கொண்டு தூங்கும். ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடியும். உறையைக் கழற்றி, துடைத்து, என்னை ஏற்றிக்கொண்டு, பெசன்ட் நகர் வரை அழுத்திக்கொண்டு போய் வருவார். போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று போகிற இடத்தில் எல்லாம் சொல்வார். கேட்கிறவர்கள் "அப்படியா!" என்பார்கள். வேறு என்ன சொல்வது?

எனக்கும் கார் ஓட்டத் தெரியும். கார் வந்த வருஷமே கோடை விடுமுறையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே தேர்வாகி லைசென்ஸ் வாங்கினேன். வாங்கிய கையோடு மாட வீதியைச் சுற்றி ஒரு முறை ஓட்டினேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து இவருக்குக் கால் வலி வந்துவிட்டது. "பாஸ் பண்றது வேற, ஓட்டறது வேற" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டவர்தான். மூன்று வருஷமாக என் கைப்பையில் குடை, டிபன் டப்பா, பஸ்ஸுக்குச் சில்லறை, லைசென்ஸ் நான்கும் ஒன்றாகக் குடித்தனம் செய்தன. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "சும்மாதானே நிக்கறது, நான் ஸ்கூலுக்கு எடுத்துண்டு போறேனே" என்பேன். "நீ ஓட்டினா மாட்டு வண்டி தோத்துடும். பின்னால வர்றவன் சபிப்பான்" என்பார். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். தூங்கும்போது தலையணைக்கு அடியில்.

போலீஸ் மெஷின் பேச்சு வந்த பிறகு அவர் ஆபீசில் யாரோ ஒரு மேதாவி சொல்லியிருக்கிறார், காரில் சி.டி. கட்டித் தொங்கவிட்டால் மெஷின் ஏமாந்துவிடும் என்று. அன்று மாலையே எங்கள் வீட்டில் இருந்த ஒரே சி.டி.க்குக் கண்டம் வந்தது. என் தம்பி சிங்கப்பூரிலிருந்து எனக்கென்று வாங்கி வந்த வீணைக் கச்சேரி. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அதன் நடுத் துளையில் சிவப்புக் கயிறு கோத்து, மூன்று முடிச்சுப் போட்டு, காரில் கட்டிவிட்டார்.

"மெஷின் பளிச்சுன்னு ஒரு ஃப்ளாஷ் அடிக்கும். இது அதைத் திருப்பி அவன் மூஞ்சியிலயே அடிச்சுடும்" என்று எனக்கு விளக்கினார்.

வருஷா வருஷம் நான் வகுப்பில் நடத்துகிற பாடம் அது. நம்மை நோக்கி வருகிற ரயிலின் ஊதல் ஏன் கீச்சென்று கேட்கிறது, தாண்டிப் போனதும் ஏன் கம்மிவிடுகிறது என்று தொடங்குவேன். மெஷினிலும் அதே சங்கதிதான். அதிலிருந்து ஓர் அலை கிளம்பும். எதிரே வருகிற வண்டியின் தகரத்தில் பட்டுத் திரும்பும். வண்டி வேகமாக வர வர, திரும்புகிற அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அந்த நெருக்கத்தை மெஷின் கணக்குப் போட்டு வேகத்தைச் சொல்லிவிடும். ஃப்ளாஷும் கிடையாது, புஸ்வாணமும் கிடையாது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி, "அதுகிட்டேர்ந்து தப்பிக்கணும்னா கார் முழுக்க மரத்துலதான் பண்ணணும்" என்றேன்.

"புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் ரோட்டுல நடக்காது" என்றார்.

என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, மந்தைவெளியில் இருந்தார். அவருடைய பையன் அமெரிக்காவில். அந்த வருஷங்களில் எல்லோருடைய பையனும் அமெரிக்காவில்தான். அவனுக்குப் பெண் பார்க்க பெசன்ட் நகர் போக வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடாயிற்று. ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டு வாசற்படி ஏறிவிட வேண்டும் என்பது நாத்தனாரின் உத்தரவு.

நாத்தனாரை ஏற்றிக்கொண்டு மந்தைவெளியிலிருந்து நேரத்தோடுதான் கிளம்பினோம். கிளம்பித் தெருமுனை திரும்பியதும் நாத்தனாருக்குப் பூவை ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பினோம். திரும்பி வந்தால் உடனே கிளம்பக் கூடாதே, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். குடித்தோம். மறுபடி கிளம்பினால் சகுனம் சரியில்லை. எதிரே ஒற்றை ஆளாக யாரோ வந்தார். அவர் போய், மஞ்சள் பூசிய முகத்தோடு ஒரு சுமங்கலி வரும் வரை என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுமங்கலிகள் எல்லாம் தூங்குவார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒருவழியாகக் காய்கறிக்காரம்மா ஒருவர் வந்து எங்களை விடுதலை செய்தார்.

"டேய், அழுத்துடா. ராகு காலம் வந்துடப் போறது!" என்றார் நாத்தனார் பின் சீட்டிலிருந்து.

இவருக்கு இதைவிட இனிப்பான வார்த்தை உலகத்தில் கிடையாது. அழுத்தினார்.

அடையாறு பாலத்தில் ஏறினோம். அந்தப் பாலத்தில் யாராக இருந்தாலும் வேகமாகத்தான் போவார்கள். கீழே ஆறு அப்படி மணக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அக்கரை போய்ச் சேர்ந்தால் போதும் என்று பறப்பார்கள். ஊரில் இத்தனை ரோடு இருக்க, மெஷினோடு பாலத்தின் முடிவில் மர நிழலில் நின்ற போலீஸ்காரரின் மூளையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். மக்களின் மூக்கைப் படித்தவர் அவர்.

கை காட்டி நிறுத்தினார். அவர் கையில் இருந்த மெஷின், பார்க்க ஹேர் டிரையர் மாதிரி இருந்தது.

"இன்னா சார், இவ்ளோ அவசரமா எங்க போய்க்கினு கீறீங்க? அறுபத்தெட்டு காட்டுது. நாப்பதுக்கு மேல போவக்கூடாது, தெரியாதா?"

"அது பின்னால வந்த பஸ்ஸோட வேகமா இருக்கும்" என்றார் இவர்.

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். பாலத்தின் மேல் கரும்புச் சாறு வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

"அந்த வண்டியா சார்?" என்று கேட்டார் போலீஸ்காரர். பிறகு குனிந்து காருக்குள் பார்த்தார். சி.டி. இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது இன்னா சார்?"

"வீணை" என்றேன் நான்.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "ஒரு வாரமா இத்த கட்டிக்கினு வர்ற வண்டியாத்தான் பார்த்து மெஷின காட்டிக்கினு கீறோம் மேடம். ஒழுங்கா போறவன் எதுக்கு இத்த கட்டப்போறான்? லைசென்ஸ் எடு சார்."

இவர் லைசென்ஸை பிளாஸ்டிக் உறையிலிருந்து விபூதிப் பொட்டலம் பிரிப்பதுபோல எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது செத்துப் போயி எட்டு மாசம் ஆவுது."

நாற்பது வயது ஆனால் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். வேகத்துக்கு வயதாகாது என்று இவர் நினைத்திருப்பார். அபராதத்தைக் கட்டினார். அதோடு விட்டதா?

"வண்டிய நீங்க எடுக்க முடியாது. வேற யார்கிட்டனா லைசென்ஸ் கீதா? இல்லாங்காட்டி வண்டி ஸ்டேஷனுக்குப் போவும்."

"என் வைஃப்கிட்ட இருக்கு" என்றார் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா அவ ஓட்ட மாட்டா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டத் தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஓட்ட மாட்டேனாம். மூன்று வருஷம் பஸ் கம்பியில் தொங்கியது என் வேண்டுதல் போலிருக்கிறது! கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினேன். "இது உயிரோட இருக்கா பாருங்கோ" என்றேன்.

"ஜோரா கீது மேடம். நீங்க எடுங்க."

பின் சீட்டில் நாத்தனார் தவித்துப்போனார். "சுப காரியத்துக்குப் போறச்சே பொம்மனாட்டி ஓட்டிண்டு போய் இறங்கறதா? அவா என்ன நினைப்பா? ஆட்டோ பிடிடா" என்றார். சொன்னவுடனே அவருக்கே உறைத்தது. அமெரிக்க மாப்பிள்ளையின் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினால் அவர்கள் இன்னும் என்ன நினைப்பார்கள்? காலில் நடந்தால் ராகு காலம். ஒரு பக்கம் ராகு, இன்னொரு பக்கம் நான். அவர் முகத்தைப் பார்த்தால், கடைசி வரை ராகுவே தேவலை என்றுதான் நினைத்திருப்பார் போல. ஆனால் பஞ்சாங்கத்தில் எனக்கு இடமில்லை, ராகுவுக்கு இருக்கிறது. வாயை மூடிக்கொண்டார்.

சாவியை இவர் என் கையில் கொடுக்கவில்லை, சீட்டின் மேல் வைத்தார். உட்கார்ந்து கிளப்பினேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. "பார்த்தியா?" என்றார் இவர். மூன்று வருஷம் கழித்துத் தொட்டால் எதுவும் கொஞ்சம் குலுக்கத்தான் செய்யும். மறுபடி கிளப்பினேன். இந்தத் தடவை நகர்ந்தது.

முள் நாற்பதைத் தாண்டவிடவில்லை. "கொஞ்சம் அழுத்தேன்டி!" என்றார் நாத்தனார். "மெஷின் இருக்கு அக்கா" என்றேன். இவர் பக்கத்து சீட்டில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார். மாட்டு வண்டி எதுவும் எங்களைத் தாண்டவில்லை. பின்னால் வந்த யாரும் சபித்ததாகவும் தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது பயம் இல்லை. சந்தோஷம்.

பெசன்ட் நகரில் பெண் வீட்டு வாசலில் நிறுத்தியபோது ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எதற்காக அந்தப் பாலத்தில் பறந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே சொஜ்ஜி, பஜ்ஜி, காபி. பெண்ணின் அப்பா, வழி கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்ததா என்று விசாரித்தார்.

"ஒரு சிரமமும் இல்லை. என் தம்பி ஓட்டினான்னா காத்து மாதிரி கொண்டுவந்து சேர்த்துடுவான்" என்றார் நாத்தனார், கூசாமல், என் முகத்துக்கு நேரே.

இவர் அடக்கமாகத் தலையை ஆட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பஜ்ஜியோடு நிறுத்தியிருப்பேன். நிறுத்தவில்லை. போலீஸ் மெஷினிலிருந்து தப்பிப்பது எப்படி என்று பெண்ணின் அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். ஃப்ளாஷ், பளபளப்பு, திருப்பி அடிப்பது எல்லாம் வரிசையாக வந்தன. அந்த மனிதர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்தியோடு கேட்டார்.

அப்போது வாசலிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வண்டியை எடுக்க வேண்டுமாம், வெள்ளைக் காரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமாம்.

இவர் பழக்க தோஷத்தில் எழுந்தார். சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். பிறகு பேச்சை நிறுத்தாமல், என்னைத் திரும்பியும் பார்க்காமல், என் பக்கமாகக் கையை நீட்டினார். நான் சாவியை அதில் வைத்துவிடுவேன் என்பதில் அந்தக் கைக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

நான் கையில் இருந்த பாதி பஜ்ஜியைத் தின்று முடித்தேன். விரலைத் துடைத்துக்கொண்டேன். "அவர் எடுக்கக் கூடாது மாமா" என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். "லைசென்ஸ் எட்டு மாசமா இல்லை. இப்பத்தான் பாலத்துல மாட்டிண்டார். நான்தான் ஓட்டிண்டு வந்தேன். நானே நகர்த்தறேன்."

நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு வெளியே போனேன்.

காரை நகர்த்தி, மரத்தடியில் நிறுத்தினேன். சிவப்புக் கயிற்றின் மூன்று முடிச்சையும் அவிழ்த்து என் வீணையை எடுத்துக்கொண்டேன். கீறல் விழுந்திருந்தது. பரவாயில்லை, கேட்கிற அளவுக்குக் கேட்கட்டும். உள்ளே வந்து உட்கார்ந்து, சாவியையும் சி.டி.யையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, நாத்தனார் முறைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை, பஸ் ஸ்டாப்பில் என்னோடு நிற்கிற டீச்சர் என்னைக் காணோமே என்று பார்த்துக்கொண்டு நின்றார். காரை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டேன்.