புகார் குறைந்துவிட்டது

மைசூரு விஜயநகரின் அகலமான தெருக்களில், தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். கழுத்தில் கம்பெனியின் அடையாள அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்துவிட்டேன். ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாலும் ஒரு நாய். ஒவ்வொரு நாய்க்கும் என் பை மேல் ஒரு சந்தேகம்.

"ஏனு அண்ணா, இவ்ளோ சீக்கிரம் வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டார் தெருமுனையில் இளநீர் வெட்டுகிறவர்.

"வேலையே முடிஞ்சுது" என்றேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் வேலையை விடுவது ஒரு செய்தியே இல்லை. எட்டாம் வகுப்பை விட்டதில் ஆரம்பித்த பழக்கம் அது. வாழைத்தார் லாரியில் லோடு ஏற்றியது, கல்யாணப் பந்தல் கட்டியது, பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தது... எதிலும் நிலைத்து நின்றதில்லை. ஆனால் ஏ.சி. அறையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த வேலையை விட்டது இதுதான் முதல் தடவை. தங்கியிருந்த மாடி அறையும் கம்பெனியுடையது. ஆகவே வேலையோடு கூரையும் போயிற்று. பரவாயில்லை, மழைக்காலம் இல்லை.

என்ன கம்பெனி? போனில் விளையாடுகிற பஸ் கேம் செய்கிற கம்பெனி.

சிரிக்காதீர்கள். அதில் சுடுவதும் இல்லை, குத்துவதும் இல்லை. மைசூரு ஸ்டாண்டில் பஸ்ஸை எடுக்க வேண்டும். கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, அந்தப் பக்கம் பாலாறு செக்போஸ்ட் வரை இறங்க வேண்டும். ஆள் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். மலையில் எதிரே ஒரு வண்டி ஏறி வந்தால், இறங்குகிற நாம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இதை யார் விளையாடுவார்கள்? நிஜ டிரைவர்கள் விளையாடினார்கள். நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து போனிலும் பஸ் ஓட்டினார்கள்! பண்டிகைக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காத கட்டட வேலைக்காரர்கள், பேக்டரி ஷிப்ட் முடித்தவர்கள் எல்லோரும் அந்த ரோட்டில்தான் ஊருக்குப் போய் வந்தார்கள்.

அந்த கேமில் பெயின்ட் அறை என்று ஒன்று இருந்தது. விரலால் தேய்த்துத் தேய்த்து பஸ்ஸுக்கு நாமே வண்ணம் அடிக்கலாம், பெயர் எழுதலாம். ஆளுக்கொரு பஸ். பெரும்பாலும் அவரவர் ஊருக்கு வந்துபோகிற பஸ். ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் மலையடிவாரத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். ஒன்றன் பின் ஒன்றாக மலை ஏறுவார்கள். யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஒதுங்கி வழிவிட்டவருக்கு ஒரு சின்ன ஹாரன். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், ஒருவரும் மீறியதில்லை.

அந்த வரிசையில் நானும் ஒருவன். யாருக்காவது சந்தேகம் வந்தால் தமிழிலும் கன்னடத்திலும் பதில் சொல்வேன். அதைக் கவனித்துத்தான் கம்பெனி முதலாளி சுஹாஸ் என்னைக் கூப்பிட்டார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட இளையவர். "அண்ணா, இதையே நம்மகிட்ட வந்து செய்யுங்க" என்றார். ரசிகர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. பேச்சுக்குச் சம்பளம்! ஒப்புக்கொண்டேன்.

அப்படிப் பழக்கமானவர்தான் பொன்னுசாமி அண்ணன். ஹனூர்க்காரர். 'பாக்யா' என்ற தனியார் பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டியவர். கால் முறிந்து உள்ளே கம்பி வைத்த பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு பேக்டரிக்கு வாட்ச்மேன். பாக்யாவையும் பிரித்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அந்த பஸ் மிச்சமிருந்த ஒரே இடம் இந்த கேம். பச்சைப் பட்டை, மஞ்சள் எழுத்து, பின்பக்கம் புளியங்கிளை இடித்த நசுங்கல்... அந்த நசுங்கலைக்கூட விரலால் வரைந்து வைத்திருந்தார்.

இனி கம்பெனி செய்த காரியங்களுக்கு வருகிறேன்.

முதலில், 'சுவாரசியம் போதவில்லை' என்று சொல்லி, மலை வளைவில் முந்துகிறவர்களுக்கு பாயின்ட் கொடுத்தார்கள். உடனே பொன்னுசாமி அண்ணனின் குரல் என் போனில் வந்து விழுந்தது.

"ஏனுங் தம்பி, வளைவுல முந்துனா பாயிண்ட்டுங்களாமா? நெசத்துல முந்துனா என்ன கெடைக்கும்னு உங்க மொதலாளி கேட்டதில்லீங்களா? மாலைங்க தம்பி, மாலை!"

அடுத்தது விளம்பரம். அதுவும் எங்கே? கொண்டை ஊசி வளைவில். ஸ்டியரிங் திருப்பிக்கொண்டிருக்கும்போது திரை முழுக்க பிஸ்கட். பிஸ்கட் போய்த் திரை தெளிந்தால்... பஸ் பள்ளத்தில்.

திட்டித் தீர்த்தார்கள். நான் படித்த திட்டுகளை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு தடவையும் கம்பெனி சொன்ன பதில் ஒன்றுதான் — 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். விரைவில் சரிசெய்வோம்.' அதையும் நம்பி, திட்டிக்கொண்டே விளையாடினார்கள்.

பிறகு ஒரு வதந்தி. பெயின்ட் அறையை மூடப் போகிறார்களாம். பொன்னுசாமி அண்ணன் பதறிப்போய்க் கேட்டார். நான் நேராக சுஹாஸிடம் போனேன்.

"ஒருத்தர் வண்டியும் போகாது அண்ணா. தைரியமா சொல்லுங்க" என்றார்.

தைரியமாகச் சொன்னேன்.

அடுத்த அப்டேட்டில் எல்லோருடைய வண்டியும் போயிற்று. பெயின்ட் அறை இருந்த இடத்தில் ஒரு கடை. கம்பெனியே அடித்த பளபள பஸ்கள், காசு கொடுத்தால் கிடைக்கும்.

மறுநாள் பொன்னுசாமி அண்ணன் பேசினார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"தம்பி... நம்ம வண்டியைக் காணமுங்க."

அவ்வளவுதான். சந்தையில் கூட வந்தவரைத் தொலைத்துவிட்டு நிற்கிறவர் குரல் அப்படித்தான் இருக்கும். அந்த வார்த்தைக்கு என்ன பதில் போடுவீர்கள்? 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்றா?

அந்த வாரம் என் போன் அதிகம் சத்தம் போடவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைவு. ஞாயிறு சாயங்காலம் மலையடிவாரத்தில் போய் நின்றேன். வண்ணமும் பெயரும் போன என் பஸ் மட்டும்தான். ஒரு ஹாரன் அடித்துப் பார்த்தேன். எதிர் ஹாரன் வரவில்லை.

திங்கட்கிழமை சுஹாஸ் என்னைக் கூப்பிட்டார். பெரிய திரையில் சரிந்து இறங்குகிற ஒரு கோடு. முகம் நிறையச் சிரிப்பு.

"பாத்தீங்களா அண்ணா, கம்ப்ளைன்ட் எல்லாம் கம்மி ஆய்த்து! ஜனங்க ஒத்துக்கிட்டாங்க."

"சார், ஞாயித்துக்கிழமை மலை வரிசையைப் பாத்தீங்களா?"

"என்ன வரிசை?"

தன் கேமில் தன் ரசிகர்கள் என்ன செய்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

நான் பரோட்டாக் கடையில் கற்றது ஒன்று உண்டு. 'என்னய்யா குருமா இது, தண்ணியா இருக்கு' என்று சத்தம் போடுகிறவர் நாளைக்கும் வருவார். அவர் நம் ஆள். பாதி பரோட்டாவை இலையில் மூடிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, எதுவும் பேசாமல் எழுந்து போகிறாரே... கடைக்காரன் பயப்பட வேண்டியது அவரைப் பார்த்துத்தான். சண்டை போடுவதற்கும் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும் இல்லையா?

கேமுக்கு நிரல் எழுதுகிற ரம்யா அப்போது அங்கேதான் இருந்தார். "சார், பழைய பெயின்ட் எல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு வாரத்துல திருப்பிப் போட்டுடலாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பாக்யா இருக்கிறது! நசுங்கலோடு எங்கேயோ பத்திரமாக நிற்கிறது!

"திருப்பிப் போட்டா புதுசை யார் வாங்குவாங்க?" என்றார் சுஹாஸ். என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. டெக்னிக்கல் ப்ராப்ளம், வேலை நடக்குது, உங்க வண்டி சீக்கிரம் வந்துடும்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க."

"வருமா சார்?"

"வராது. ஆனா அப்படிச் சொல்லுங்க."

"போன தடவை 'போகாது'ன்னு சொன்னேன், போயிடுச்சு. இப்ப 'வரும்'னு சொல்லணுமா?"

"நீங்க சொன்னா நம்புவாங்க அண்ணா. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்."

கோபமாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சம்பளம் எதற்கு வந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் முழுசாக விளங்கியது.

ஒரு தகராறும் செய்யவில்லை. மாடிக்குப் போனேன். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சார்ஜர். பை கட்டுவதில் எனக்கு இருக்கிற பயிற்சி வேறு எதிலும் இல்லை. ரம்யாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, பாக்யாவின் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இளநீர்க் கடையைத் தாண்டியதும் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பொன்னுசாமி அண்ணனுக்கு போன் போட்டேன். நடந்துகொண்டே பேசினேன். நின்று பேசினால் தைரியம் போய்விடும்.

"அண்ணா, நான்தான். வேலையை விட்டுட்டேன். பாக்யா வராதுங்கண்ணா. அவங்ககிட்ட இருக்குது. ஆனா தர மாட்டாங்க."

போனில் அவருக்குப் பின்னால் பேக்டரி சங்கு ஊதுவது கேட்டது.

"அப்படிங்களா..." என்றார். "சரி உடுங்க. நீங்களாச்சும் சொன்னீங்களே. ஒவ்வொரு நாளும் தொறந்து தொறந்து பாத்துட்டு இருந்தனுங்க. இனி பாக்க வேண்டாமுல்லொ."

"மன்னிச்சுக்குங்கண்ணா."

"அட, நீங்க என்னங் பண்ணுவீங்க? அந்த வண்டிய ஒரு படமாச்சும் எடுத்துக் குடுப்பாங்களா?"

'கேட்டு வாங்கித் தரேன்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். விழுங்கினேன்.

"ரம்யான்னு ஒருத்தங்ககிட்டக் கேட்டிருக்கேன்ணா. குடுப்பாங்களான்னு தெரியலை."

"தெரியலைன்னா செரி" என்றார். குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது. "அது கெடக்குது. உங்களுக்கு இப்ப வேலை?"

"இல்லை."

"தங்க எடம்?"

"அதுவும் இல்லை."

"நல்லாப் பொழைச்சீங்க போங்க!" என்று சிரித்தார். "நஞ்சன்கூட்டுக்கு பஸ் ஏறுங்க. ராத்திரிக்கு இங்க காவல் ரூமுல படுத்துக்கலாம். கொள்ளேகால் வண்டிக்காரர் ஒருத்தரு ஆள் கேட்டுட்டு இருந்தாரு. காலைல நானே கூட்டிட்டுப் போறனுங்."

கூட்டிக்கொண்டு போனார். கம்பி வைத்த காலை வீசி வீசி, எனக்கு முன்னால் நடந்தார்.

வேலை இதுதான்: ஸ்டாண்டில் நின்று 'கொள்ளேகால், கொள்ளேகால்' என்று கூவி ஆள் ஏற்ற வேண்டும். எனக்குப் பொருத்தமான வேலை, தொண்டை போதும். கண்டக்டர் ஒரே பாடத்தில் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார்: "எப்ப எடுப்பீங்கன்னு யார் கேட்டாலும் 'இதோ, இப்பவே'ன்னு சொல்லு. ஏறி உக்காந்துட்டா அப்புறம் எறங்க மாட்டாங்க."

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

வெற்றிலைக் கட்டுகள் திணித்த பெரிய பையோடு ஒரு அம்மா வந்தார். பஸ் இப்போதே கிளம்புமா என்று கன்னடத்தில் கேட்டார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். சற்றுத் தள்ளி நின்ற பொன்னுசாமி அண்ணனும் பார்த்தார்.

"இன்னும் பாதி வண்டி காலிம்மா. நிறைஞ்சாத்தான் எடுப்பாங்க. டீ குடிச்சிட்டு நிதானமா வாங்க" என்று கன்னடத்திலேயே சொன்னேன்.

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். ஏறினார். ஜன்னலோர சீட்டில் பையை வைத்தார். இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சுஹாஸ் சார், உங்கள் திரையில் அந்தக் கோட்டைப் பார்ப்பதை விடுங்கள்... இறங்கிப் போகிறவர் சீட்டில் பையை வைத்துவிட்டுப் போகிறாரா என்று பாருங்கள்!