சத்தம் போடாத ஃபேன்

சுனாமி வந்து போன பிறகு எங்கள் குப்பத்துக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. ஒரு ஹால், ஒரு சமையலறை, மேலே கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. காலை பத்து மணிக்குச் சூடேற ஆரம்பித்தால் விடியும் வரை அனல் இறங்கிக்கொண்டே இருக்கும். கரையில் இருந்த எங்கள் பழைய வீடு கீற்று போட்டது. அதில் காற்று கேட்காமலே வந்து போகும். ஃபேன் என்ற ஒன்றை நாங்கள் யோசித்ததே இல்லை.

புது வீட்டு ஹால் நடுவில் ஒரு கொக்கியும் பக்கத்தில் ஒரு வயரும் தொங்கின. மற்ற வீடுகளில் குடிவந்த மாதமே ஃபேன் மாட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கொக்கி மட்டும் ஒரு கோடை முழுக்கச் சும்மா கிடந்தது. காரணம் நான். ஃபேன் ஓடினால் கடல் சத்தம் கேட்காது. கடல் சத்தம் கேட்காவிட்டால் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியாது.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கரையில் இல்லாதவர்களுக்குச் சிரிப்பு வருவது சுலபம். எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். பக்கத்து வீட்டில் மூன்று பேர் போனார்கள். அதன் பிறகு அரிசி கொடுக்க வந்தவர், பாய் கொடுக்க வந்தவர், கேமராவோடு வந்தவர் என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நீங்கள் எப்படித் தப்பித்தீர்கள்? நானும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். கடல் சத்தம் மாறியது. காதில் விழுந்தது. எழுந்து ஓடினேன்.

அதிலிருந்து நான் கடலைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். சோறு வடிக்கும்போதும், துணி துவைக்கும்போதும், யாரோடாவது சண்டை போடும்போதும்கூட ஒரு காது கிழக்கேயே இருக்கும். அலை விழும், இழுக்கும், மறுபடி விழும். அந்த வரிசை தப்பாத வரை பயமில்லை. தப்பினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து ஓட வேண்டும். எத்தனை நிமிடத்தில் ஓடலாம் என்று நடந்தே பார்த்து வைத்திருந்தேன்.

2008 கோடையில் எங்கள் மகளுக்குப் பத்து மாதம். முதலில் கழுத்தில் வேர்க்குரு வந்தது. அப்புறம் தலையில் வேனல் கட்டி. ஒன்று, இரண்டு, ஐந்து. பிள்ளையைப் படுக்க வைக்க முடியவில்லை. தலை பாயில் பட்டால் அலறும். கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்ல ஃபேன் இல்லையா?"

"இல்ல."

"கரண்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா? இந்த வெயில்ல பச்சப் புள்ளைய அடுப்புல வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க."

என் கணவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "இப்பவே வாங்குறோம், வா" என்றார். திருப்பாப்புலியூர் கடைத்தெருவுக்கு நடந்தோம்.

கடையில் மேலே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஃபேன்கள் தொங்கின. வெள்ளை, காப்பிக் கலர், ஓரத்தில் தங்கக்கோடு போட்டது. கடைக்காரர் ஒவ்வொன்றாக ஸ்விட்சைப் போட்டு, காப்பர் வைண்டிங், ரெண்டு வருஷ கேரண்டி என்று சொல்லிக்கொண்டே போனார். நான் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"இது சத்தம் போடுது" என்றேன்.

"காத்து சத்தம்மா அது. மோட்டர் சத்தம் துளி கூட கெடையாது."

"எந்தச் சத்தமா இருந்தா இன்னா? சத்தம் போடாத ஃபேன் வேணும்."

"றெக்க சுத்துனா காத்து வரும். காத்து வந்தா சத்தம் வரும். சத்தமே கூடாதுன்னா பனை விசிறிதான் வாங்கணும்."

"வெளிய சத்தம் வந்தா உள்ள கேக்கணும். அவ்ளோதான்."

"வெளிய இன்னா சத்தம் வரப்போவுது?"

கணவரிடம் திரும்பினேன்.

"மாமா, நீ ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னுக்கினு சத்தம் குடு."

"இன்னா சத்தம்?"

"கடல் மாதிரி. ஓன்னு."

"கட நடுவுல வெச்சி மானத்த வாங்காதடி."

"போறியா இல்லியா?"

போனார். பாவம், பிள்ளைக்காகப் போனார். எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நின்று, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, வாயைக் குவித்து ஊதுவது இங்கிருந்து தெரிந்தது. தெரிந்ததே தவிர, கேட்கவில்லை. அந்த வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. இதேபோலக் கடல் வாயைத் திறந்துகொண்டு வந்தாலும் எனக்குத் தெரியாது.

"இது வேணாம். அடுத்ததப் போடுங்க" என்றேன்.

இரண்டாவதிலும் கேட்கவில்லை. மூன்றாவதற்குள் டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. "அண்ணனுக்கு இன்னா, பல்லு வலியா?" என்று ஒருவன் கேட்டான். "ஊதுண்ணே, நல்லா ஊது, டீ ஆறட்டும்" என்றான் இன்னொருவன். கடைக்காரர் ரெகுலேட்டரை நிறுத்திவிட்டு, "நானும் எத்தினியோ வருஷமா ஃபேன் விக்கிறேன். ஃபேனுக்குப் பாட்டுப் போட்டி வெச்சவங்க நீங்க ஒருத்தருதான்" என்றார். என் கணவர் ரோட்டைத் தாண்டி வந்து, என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

அடுத்த வாரமே பின்மண்டையில் ஒரு கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மறுபடி அதே ஆஸ்பத்திரி. கீறித்தான் ஆக வேண்டும் என்றார்கள். நான் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, நர்ஸ் காலைப் பிடித்துக்கொள்ள, கத்தியை வைத்தார்கள். பிள்ளை அழுதபோது அதன் நாக்கு நடுங்கியதைப் பார்த்தேன். என் காதுக்காகத்தான் அந்தப் பிஞ்சுத் தலையில் கத்தி வைத்தார்கள். இதை வேறு எப்படிச் சொல்வது? அப்போதும்கூட, கேவலம், அந்த அறையின் ஃபேன் சத்தத்துக்கு நடுவே நான் வெளியில் எதையோ கேட்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடல் எவ்வளவு தூரம்! அது எனக்குத் தெரியும். காதுக்குத் தெரியவில்லை.

என் கணவர் அவருடைய அக்காவுக்குப் போன் செய்தார். அவரைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மார்க்கெட்டில் மீன் விற்பவர். எனக்கு அண்ணி முறை. அவர் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். "இட்டுக்கினு வா அவள. எங்க ஊர்ல ஃபேன் இல்லியா? நான் பாத்துக்கறேன்" என்றார்.

மேல வீதியில் அண்ணிக்குத் தெரிந்த கடை. அங்கிருந்த பெரியவர் பொறுமையானவர். நான் சத்தம் என்று ஆரம்பித்ததும், "இருங்கம்மா. எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒண்ண மட்டும் போடறேன். அப்பத்தான் சரியாத் தெரியும்" என்று எல்லா ஸ்விட்சையும் அணைத்தார். தலைக்கு மேலே ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. கடை சட்டென்று அமைதியானது. அந்த அமைதியில் அண்ணி கேட்டார்.

"ஏண்டி, அப்படி இன்னாத்தடி கேக்குற?"

"கடலத்தான் அண்ணி. அன்னிக்குச் சத்தம் கேட்டுதானே ஓடுனேன்? கேக்கலன்னா அங்கியே செத்துருப்பேன்."

"யாரு, நீயா?"

"ஆமா."

"நீ எங்கடி ஓடுன? கடலுக்கு முதுகக் காட்டிக்கினு மீன் ஆஞ்சிக்கினு குந்தியிருந்த. நான்தானே வந்து மயிரப் புடிச்சி இழுத்தேன்! எதுக்கு அடிக்கிறேன்னு கத்தி என் கையக் கடிச்ச. மெயின் ரோடு வர்ற வரிக்கும் என்ன அசிங்க அசிங்கமாத் திட்டிக்கினே வந்த."

என் கணவர் அன்று கடலுக்குப் போயிருந்தார். அக்காவும் தம்பியும் இதைப் பேசிக்கொண்டதே இல்லைபோல. "அப்புடியா?" என்றார். அக்காவைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அரிவாள்மனை. செதில் தெறித்து முழங்கை வரை ஒட்டியிருந்தது. சுரண்டும் சத்தம், சரக் சரக் என்று. அது மட்டும்தான் என் காதில் இருந்தது. கடல் இரைந்ததோ இல்லையோ, எனக்கு அது கேட்கவே இல்லை. பின்னால் இருந்து ஒரு கை கொண்டையைப் பிடித்தது. வலித்தது. கடித்தேன். அவ்வளவுதான்.

அண்ணி அன்று தன் அம்மா வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வராமல் இருந்திருந்தால் நான் இல்லை. என் மகளும் இல்லை. இது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கடையில் எனக்கு அது தோன்றவில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் தோன்றியது. மாறாத ஒரு சத்தத்தை, அது மாறும் என்று நம்பி, ராப்பகலாகக் காவல் காத்திருக்கிறேன். மாறினாலும் எனக்குக் கேட்டிருக்காது. கதவைப் பூட்டிவிட்டோம் என்று நினைத்துத் தூங்கியவன் காலையில் எழுந்து பார்த்தால் கதவே இல்லை. எனக்கு அப்படி இருந்தது. ஃபேன் பெட்டிகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, எதப் போடட்டும்?" என்றார் பெரியவர்.

"எதையாவது கட்டிக் குடுங்க" என்றேன்.

"எதையாவதா? நல்லா இருக்குதே கத" என்றார் அண்ணி. "ஹால் இன்னா அளவு? புள்ள எங்க படுக்கும்? தலமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் காத்து வரணும். பெருசாப் போடுங்க, நாப்பத்தெட்டு இஞ்சு. சத்தம் கெடக்கட்டும்." ஒவ்வொரு ஃபேனுக்கு அடியிலும் தன் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்று, அதன் தலைமுடி பறக்கிறதா என்று பார்த்தார். காப்பிக் கலர் ஃபேனுக்குக் கீழே நன்றாகப் பறந்தது. அதை வாங்கினோம்.

வீட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் உஸ்ஸென்று ஹால் முழுக்க நிறைந்தது. கடல் போய்விட்டது. பிள்ளை அன்று மதியம் மூன்று மணி நேரம் தூங்கியது. பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. பத்து நாளில் கட்டிகள் காய்ந்தன. என் கணவரும் நன்றாகத் தூங்கினார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் பயப்படும்போது செய்வதற்கு ஒரு வேலையாவது இருந்தது. இப்போது வெறும் பயம் மட்டும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, அன்னிக்கு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி? சத்தம் கேட்டீங்களா? தண்ணியப் பாத்தீங்களா?"

"ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் பாக்கல. நாலு பேரு ஓடுனாங்க. நானும் ஓடுனேன். வழியில நீ இருந்த." மார்க்கெட் இரைச்சலில் யாரிடமோ விலை சொல்லிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து வாசல் கதவை நான் சாத்துவதில்லை. பிள்ளையை ஃபேனுக்கு அடியில் போட்டுவிட்டு, நிலைப்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். யாராவது ஓடினால் நானும் ஓட வேண்டும்.

ஒரு மதியம் எதிர்வீட்டுக்காரி ஓடினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டைப் பார்த்து, தலைதெறிக்க. தூங்குகிற பிள்ளையை அள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன். தார் கொதித்தது. பிள்ளை அலறியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன். மெயின் ரோட்டை அடைந்தபோது அவள் சிதம்பரம் பஸ் படியில் ஒரு கால் வைத்திருந்தாள்.

"இன்னா, புள்ளைக்கு முடியலையா?" என்றாள் என்னைப் பார்த்து.

"நீ ஏண்டி ஓடுன?"

"பஸ்ஸு பூடுமேன்னு."

"பஸ்ஸுக்கு ஓடுவியா? பஸ்ஸுக்கு ஓடுவியாடி நீ? போனா அடுத்த பஸ்ல போ! நம்ம தெருவுல ஒருத்தியும் சும்மா ஓடக்கூடாது, சொல்லிட்டேன்!"

பஸ் முழுக்க ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஏறிப் போய்விட்டாள். என் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரப் புல்லிலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன். பிள்ளை வழியிலேயே தூங்கிவிட்டது. பாயில் கிடத்தினேன். அதன் தலைமுடி காற்றில் லேசாகப் பறந்தது. சாயங்காலம் என் கணவர் வந்து காலில் என்ன என்று கேட்டார். அடுப்புத் தணலை மிதித்துவிட்டேன் என்று சொன்னேன்.

எங்கள் தெருவில் ஓடுகிறவர்களை இன்றும் நிறுத்தித் திட்டுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தாலும் சரி. பின்னால் என்னைப் பைத்தியம் என்று பேசுகிறார்கள். பேசட்டும். நடந்து போய்ப் பேசட்டும்.