எட்டு மூலை மேஜை

பூவிழி கேட்டது ஒரு கதவு. குளிக்கிற இடத்துக்கு ஒரு கதவு, அவ்வளவுதான். ஓலைத் தட்டிக்கு நடுவே ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் மொள்ள வேண்டும். மரக்காணத்தில் காற்றடிக்காத நாள் ஏது? உப்பளத்தில் கூடை சுமந்துவிட்டு வருகிறவள் குளிக்காமல் படுக்கவும் முடியாது. கழுத்தும் இடுப்பும் அரித்துப் புண்ணாகிவிடும்.

கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம், அளத்தில் தண்ணீரை அடைக்கிற பழைய மடைப் பலகைகளைக் கழற்றிப் புதுசு போட்டார்கள். கழித்துப்போட்ட பலகைகளைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தான் அவள் புருஷன் மணிவண்ணன். கதவுக்குத்தான் என்று நினைத்துவிட்டாள், பாவம். அன்றைக்கு அவனுக்கு மீன் குழம்பு வைத்தாள்.

அவன் செய்தது மேஜை. சீட்டாட மேஜை. அதுவும் எட்டு மூலை வைத்து.

மணிவண்ணனுக்குக் கிளியனூர். பத்தாவது ஃபெயில். கல்யாணத்துக்கு முன்னால், கீழ்புத்துப்பட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோர விடுதி ஒன்றில் ரூம் பாயாக இருந்தான். லீவு நாளில் காரில் வருகிற மெட்ராஸ் பையன்கள் அங்கே பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடுவார்கள். ஐஸ் வைக்கிற சாக்கில் நின்று நின்று ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். கையில் இருக்கிற சீட்டைவிட, எதிரே இருப்பவன் நம்மை யாரென்று நினைக்கிறான் என்பதுதான் பெரிது என்பதையும் அங்கேதான் பிடித்துக்கொண்டான். அத்தனை பெரிய விடுதியில் கற்றுக்கொள்ள வேறு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கல்யாணத்துக்கப்புறம் மரக்காணத்துக்கே வந்து, உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை தெரிந்தவன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

மேஜையிலும் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. நூல் பிடித்து எட்டுப் பக்கமும் அளந்தான். இரும்புக் குழாயைப் பழுக்கக் காய்ச்சி, டம்ளர் வைக்க எட்டு ஓட்டை சுட்டான். மேலே விரிக்கப் பச்சைத் துணி வேண்டுமாம். சுனாமி நிவாரணத்தில் கொடுத்த பச்சைக் கம்பளியை, பூவிழி போர்த்திக்கொண்டிருந்த ஒரே கம்பளியை, வெட்டி இழுத்து ஆணி அடித்தான்.

"போக்கர் டேபிள்னா பச்சையாத்தான் இருக்கணும்" என்றான்.

"போக்கிரி ஆட்டத்துக்கு எந்த கலரா இருந்தா இன்னா?" என்றாள் அவள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. மடைப் பலகை வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறின கட்டை. கரையான் தொடாது, கதவுக்கு அருமையான பலகை. ஆனால் எத்தனை வெயிலில் காய்ந்தாலும் கடல் காற்று திரும்பியதும் அதற்கு வியர்க்கும். அளத்துக்காரர்கள் அதன்மேல் துணிகூடக் காயப்போட மாட்டார்கள். கடலோரத்தில் பிறக்காத கிளியனூர்க்காரனுக்கு இது எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. லாரிக்கு லோடு ஏற்றுகிற பச்சமுத்து, சைக்கிள் கடை தட்சணாமூர்த்தி, இன்னும் இரண்டு பேர். பீடிச் சாம்பல், சுவரோரம் துப்பின பாக்கு, ஈரக் கம்பளியின் ஆட்டு நாற்றம். சீட்டெல்லாம் அப்பளம் போல நமத்துக் கிடக்கும். திங்கட்கிழமை விடியலில் அதையெல்லாம் கழுவிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவன் போட்ட வேஷத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மணிவண்ணன் குடிக்க மாட்டான். ஆட்டத்துக்கு ஆட்கள் வருகிற நேரம் பார்த்து, ஒரு வாய் பிராந்தியைக் கொப்புளித்து வேலியோரம் துப்புவான். காலரில் கொஞ்சம் தெளித்துக்கொள்வான். உதடு தொங்க, வேட்டி அவிழ, சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உளறுவான். குடிகாரன்தானே என்று எல்லோரும் அசட்டையாக ஆடுவார்கள். கடைசியில் இவன் பணத்தைச் சுருட்டிக்கொள்வான். 'குருட்டு அதிர்ஷ்டம்டா உனக்கு' என்று அவர்களே முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் இவன் வேட்டியை நேராகக் கட்டிக்கொண்டு சோறு கேட்பான்.

அந்தக் கோடையில் அளத்து மேஸ்திரி வேலை காலியானது. பழைய மேஸ்திரி குடித்துவிட்டு மடையைத் திறந்துபோட்டபடியே தூங்கிப்போய், விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது. மேஸ்திரிக்கு அளத்துக்குப் பக்கத்திலேயே வீடு உண்டு. அந்த வீட்டில் சிமெண்டு பூசின குளியலறை உண்டு. அதற்குத் தகரக் கதவும் உள்தாழ்ப்பாளும் உண்டு. பூவிழி வேலைக்குப் போகிற வழியில் அதைத் தினம் பார்க்கிறவள்.

கணக்கப்பிள்ளை அரசப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"ஏம்பா மணி, மொதலாளி உன் பேரத்தான் சொல்றாரு. இன்ஜின் வேலையும் தெரியுது, எழுதப் படிக்கவும் தெரியுது. ஆனா நீ குடிப்பியாமே?"

"நல்லா கேட்டீங்க சார்" என்றான் பச்சமுத்து. "ஞாயித்துக்கெழமன்னா அவன் கால் தரையில நிக்காது."

அரசப்பன் பூவிழியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

அவள் யோசிக்கவே இல்லை. "ஒரு சொட்டு உள்ள போவாதுங்க. வாய்ல ஊத்திக் கொப்புளிச்சித் துப்புறதோட சரி. எல்லாம் நடிப்பு."

பச்சமுத்து கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தான். நாலு பேரும் மணிவண்ணனையே பார்த்தார்கள். தகரக் கதவு அவனுடைய ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தது. ஆமாம் சார் என்றால் போதும்.

மணிவண்ணன் உதட்டைத் தொங்கவிட்டுச் சிரித்தான்.

"பொம்பள இல்லீங்களா சார். புருஷன விட்டுக் குடுப்பாளா? கொஞ்சம் போடுவேன் சார். பொய் சொல்லக் கூடாது."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். தட்சணாமூர்த்தி, "தங்கமான பொண்டாட்டிடா உனக்கு" என்றான். அரசப்பன் அவளைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

அவர்கள் போனபின் அவன் சொன்னான்: "உண்மைய ஒத்துக்கினா பச்சமுத்து என் தோல உரிச்சிருப்பான். எத்தினி மாசமா கஷ்டப்பட்டுக் கட்டின பேரு தெரியுமா?"

அன்றைக்கு அவள் அவனுக்குச் சோறு போடவில்லை.

மறுநாள் அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்தபோது, வீட்டுக்குள் மேஜையின் கால்கள் மட்டும் கிடந்தன. எட்டு மூலைப் பலகை ஓலைத் தட்டியில் கயிறு போட்டுத் தொங்கியது. வாசலின் நாலு மூலையிலும் விழுந்த இடைவெளியிலும் எட்டு ஓட்டையிலும் பச்சைக் கம்பளியைக் கிழித்து அடைத்திருந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அடிப்பாவி, ஞாயித்துக்கெழம ஆளுங்க வந்து கேட்டா இன்னா சொல்றது?" என்றான்.

தண்ணீர் சத்தம் நின்றது.

"குடிச்சிட்டு ஒடச்சிட்டேன்னு சொல்லு. நம்புவாங்க."