டிவியில் செத்த ராஜா

கங்கைக்கரை ஊரான பக்ஸாரில், செத்தவரின் மகனுக்கு நாவிதர் ஜக்ரு மொட்டையடித்த பிறகுதான் அப்பனின் சிதை எரியும். ஒரு பிணத்தையும் காக்கவைத்தறியாத மனுஷன், அந்த ஞாயிறு காலை டீக்கடை டிவி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அப்பன் செத்துப்போய்க் கூப்பிட வந்த லல்லனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாமி கதை ஓடுதுடா, முடியட்டும். உங்கப்பன் என் கூட்டாளிதானே, எந்திரிச்சு ஓடிடவா போறான்?"

கடையே சிரித்தது. லல்லன் வாசலிலேயே நின்றான். திரையில், மகனைக் காட்டுக்கு அனுப்பிய கிழட்டு ராஜா ஏங்கி ஏங்கி உயிரை விட்டார். ஜக்ரு வாய்விட்டு அழுதார்.

விளம்பரம் வந்தது.

"ராஜா போயிட்டாரு சித்தப்பா," என்றான் லல்லன். "இனிமே எங்கப்பாவைப் பார்க்க வர்றீங்களா?"

கங்கைக் கரையில் லல்லன் குனிந்து தலையைக் கொடுத்தான். பக்கத்தில் கூட்டாளி கிடந்தான். ஜக்ருவின் கண்ணில் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.