பெருவிரல்களைக் கட்டிய நூல்

மக்களே, ஜெனிஷா, அஜின்,

இங்கே காலையில் நான் செய்கிற முதல் வேலை, செத்தவர்களுக்குப் பவுடர் போடுவது. பயந்துவிடாதீர்கள், எல்லாம் ரப்பர். சினிமாவில் பிணமாகக் கிடக்கிற பொம்மைகள். பவுடர் போடாவிட்டால் கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்தால்தான் வரும். எட்டுப் பேர் பலகையில் வரிசையாகக் கிடக்கிறார்கள். முகத்தில் போடும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

புடாபெஸ்டில் ஓயாமல் படம் எடுக்கிறார்கள். வேலை தெரிந்த ஆள் போதாமல் அரசாங்கமே சினிமாவுக்கு ஆட்களைப் பழக்குகிறது. சிலருக்கு விளக்கு, சிலருக்குத் தச்சு. இங்கே வந்து கோழி ஃபேக்டரியில் வேலைக்கு நின்ற நான் விண்ணப்பத்தில் ‘ரப்பர் பால் தெரியும்’ என்று எழுதினேன். அதைப் பார்த்து இந்தப் பட்டறையில் போட்டார்கள். முதல் நாள் ரப்பர் பால் பீப்பாயைத் திறந்ததும் அமோனியா மூக்கில் ஏறியது. கண்ணை மூடினால் கீரிப்பாறை எஸ்டேட்தான். அங்கே பால் வெட்டும் உங்கள் பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“லேய், பால் நாறுதுன்னுதானே இங்கேருந்து ஓடுன? அங்க போயும் அந்த நாத்தத்துலதான் கெடக்கியா?” என்று அண்ணன் சிரித்தார். “செத்தவன் பொம்மை போதும் மக்கா. உயிரோட இருக்க ஒருத்தன் இங்க இருக்கேன், மறந்துராத.”

உங்களையும் அம்மாவையும் அவர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். அதை நான் மறக்கவில்லை. ஆனால் மறந்தவன் மாதிரிதான் நடந்துகொண்டேன்.

பயிற்சி முடிகிற பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. அதற்காகச் செய்த என் பொம்மையை அச்சிலிருந்து எடுத்துக் கிடத்தியிருந்தேன். அப்போதுதான் அம்மாவின் போன் வந்தது. பெரியப்பா போய்விட்டார் என்றாள். பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. மேசையில் கிடந்த வெள்ளை நூலை எடுத்துப் பொம்மையின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். நம் ஊரில் மூச்சு நின்றதும் செய்வதை என் கை தானாகச் செய்திருக்கிறது.

பரீட்சை நாளில் எங்கள் ஆசிரியை மார்த்தா துணியை விலக்கினார். (நம் சபையில் மூன்று மார்த்தா உண்டு, அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு ஒரு தைரியம்.) நூலைக் காட்டி, எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “கால் பிரியாமல் இருக்க” என்றேன். ரப்பர் இறுகும்போது கால் கோணாமல் இருக்கச் செய்த உபாயம் என்று அவர் எடுத்துக்கொண்டார். “யோ, யோ,” என்றார். நல்லது, நல்லது என்று அர்த்தம். போட்டோ எடுத்தார், பரீட்சைக்காரரிடமும் காட்டினார். அப்படியில்லை, இது மனிதர்களுக்குச் செய்வது என்று சொல்ல வாயெடுத்தேன். தோற்றால் மறுபடி கோழி ஃபேக்டரி. வாயை மூடிக்கொண்டேன். பாஸ் ஆனேன்.

அன்றைக்குத்தான் அங்கே அடக்கம். சாயங்காலம் ஜெனிஷா பேசினாள்.

“அப்பா, நீங்க வருவியன்னு ரெண்டு நாளா வச்சிருந்தாவ. பெட்டி மூடும் முன்ன, பிள்ள இல்லாதவருக்குக் கால்கட்ட அவுக்க கூடப்பொறந்தவன் வேணும்லா, எங்கன்னு எல்லாரும் கேட்டாவ. கடைசில நாந்தான் அவுத்தேன். ஏன் வரல்ல?”

“லீவு தரல்ல மோளே” என்றேன்.

நான் லீவு கேட்கவே இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கேட்டிருந்தால் மார்த்தா தந்திருப்பார், அவருக்கும் ஒரு அண்ணன் உண்டு. கொடுத்துவிடுவார் என்று பயந்தே கேட்கவில்லை. போனால் இந்த இடம் போய்விடும், உங்களை இங்கே கொண்டுவருவது நடக்காது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இப்போது பட்டறையில் எல்லாரும் அப்படியே கட்டுகிறார்கள். நல்ல முறையாம். எட்டுப் பேரும் விரல் கட்டியபடி கிடக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் எட்டுப் பேரும் யாரோ வரக் காத்துக் கிடப்பது போல இருக்கிறது.

என் அப்பாவை அடக்கம் செய்த அன்று, கால்கட்டை அவிழ்த்தது நானும் அண்ணனும். நான் அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இறுகியது. “பைய அவுருலே, அப்பாக்கு நோவும்” என்றார் அண்ணன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போகாமல் பட்டறைக்குப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. மற்ற ஏழு பேரையும் தொடவில்லை. என் பொம்மையின் காலடியில் உட்கார்ந்து, கத்தரி எடுக்காமல், நகத்தால் முடிச்சைப் பைய நெகிழ்த்தி அவிழ்த்தேன். நூல் கையோடு வந்தது. கால்கள் இரண்டும் மெல்ல விலகி, ஒன்று வாசல் பக்கமாகவும் ஒன்று சுவர் பக்கமாகவும் சாய்ந்தன.